விரல்ல நேரா நின்னா போதுமா? சிஜி பாக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

ரிமோட்ல ஓட்டுற மாடல் பிளேனுக்கு சிஜி, அதாவது மொத்த எடையும் சமமா நிக்கிற புள்ளி, பாக்கணும்னா முதல்ல ஃபேனை ஆஃப் பண்ணுங்க. சிரிக்காதீங்க, மே மாசம் சென்னைல ஃபேன் இல்லாம பத்து நிமிஷம் உக்கார முடியாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா ஒரு கிலோ கூட தேறாத ஃபோம் பிளேனை ரெண்டு விரல்ல தாங்கிப் பிடிச்சுட்டு தலைக்கு மேல ஃபேன் அஞ்சுல சுத்துச்சுன்னா அந்தக் காத்து டெயிலைப் போட்டு அமுக்கும், நீங்க டெயில் வெயிட்டா இருக்குன்னு நெனச்சு நோஸ்ல ஈயத்தை ஒட்டிட்டு இருப்பீங்க.

ஆனா ஃபேன்லாம் சின்ன மேட்டர். பெரிய தப்பு அதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். பிளேன் விரல் மேல நேரா நிக்குதான்னு எல்லாரும் பாக்குறோம், அந்த விரலை வெக்கிற இடம் சரியான இடமான்னு பாக்குறதில்ல. நானும் பாக்கல. நானே வெட்டி ஒட்டுன பிளேன், விங்கோட அகலம் (முன்விளிம்புல இருந்து பின்விளிம்பு வரைக்கும்) பாடிகிட்ட 24 செ.மீ, நுனில, அதாவது டிப்புல, 12 செ.மீ, முன்விளிம்பு ஸ்ட்ரெயிட்டா இருக்கும், பின்விளிம்புதான் சாய்வு. ஃபீல்டுல ஒரு அண்ணன் "சிஜியை முன்விளிம்புல இருந்து மூணுல ஒரு பங்குல வெச்சுக்கோப்பா"ன்னு சொன்னாரு, நானும் ஸ்கேலை பாடிகிட்ட வெச்சு 24-ஐ மூணால வகுத்து 8 செ.மீல மார்க் பண்ணிட்டேன். விரல்ல வெச்சா சும்மா தராசு மாதிரி நின்னுச்சு. ஈசிஆர் பக்கம் ஒரு காலி கிரவுண்ட், காலைல ஆறரை மணி, கைல இருந்து விட்டதும் மூக்கைத் தூக்குச்சு, நான் டவுன் குடுக்க அது குப்புறப் பாய, மறுபடி அப் குடுக்க ஸ்டால் ஆகி (விங்கோட தூக்குற சக்தி போயி) இடது பக்கமா தரைல சொருகிடுச்சு, மொத்தமே நாலஞ்சு செகண்ட்தான்.

அண்ணன் சொன்ன கணக்கு தப்பில்ல, நான் அளந்த இடம் தப்பு. சிஜி முன்விளிம்புல இருந்து 25-ல இருந்து 33 சதவீதம்னு சொல்றாங்களே, அது எம்ஏசின்னு சொல்ற ஒரு சராசரி அகலத்துக்கான கணக்கு. முழுக்க ஒரே அகலமா இருக்குற செவ்வக விங்னா அந்த அகலமேதான் எம்ஏசி, 20 செ.மீ அகலம்னா முன்விளிம்புல இருந்து 5 - 6.5 செ.மீ, வேலை முடிஞ்சுது. என்னோட மாதிரி குறுகிட்டே போற விங்குல எம்ஏசி கிட்டத்தட்ட 18.7 செ.மீ தான் வரும். அதுல 8 செ.மீன்னா 43 சதவீதம்! அது எங்க பறக்கும்?

எம்ஏசி கண்டுபிடிக்க ஃபார்முலாலாம் வேணாம், சார்ட் பேப்பர்ல ஒரு பக்க விங்கை வரைங்க. பாடி ஓரத்து அகலத்துக்கு முன்னாடி பக்கம் டிப்போட அகலத்தை நீட்டி வரைங்க, டிப்புல பின்னாடி பக்கம் பாடி ஓரத்து அகலத்தை நீட்டுங்க, ரெண்டு முனையையும் ஒரு கோட்டால சேருங்க. பாடி ஓரத்து அகலத்தோட நடுவையும் டிப் அகலத்தோட நடுவையும் சேக்குற கோட்டை அது வெட்டுற இடத்துல விங் எவ்வளவு அகலமோ அதான் எம்ஏசி. விங் பின்னாடி சாஞ்ச டிசைன்னா இந்தப் படம் கண்டிப்பா வேணும், ஏன்னா அங்க எம்ஏசியோட முன்விளிம்பே பாடி ஓரத்தை விட பின்னாடி தள்ளிதான் ஆரம்பிக்கும். டெயிலே இல்லாத ஃப்ளையிங் விங்னா 15 - 20 சதவீதம், அங்க 30 வெச்சீங்கன்னா தொடப்பத்தோட போங்க.

அப்புறம், பேட்டரி ப்ரொப்பெல்லர்லாம் போட்டு, பறக்கப்போற நிலைமைல வெச்சுதான் பாக்கணும், லோ விங்னா (விங் பாடிக்கு அடில இருந்தா) தலைகீழா தூக்கிப் பாக்கணும், பெட்ரோல், நைட்ரோ எஞ்சின்னா டேங்க் காலியா இருக்கணும், ஏன்னா டேங்க் பெரும்பாலும் சிஜிக்கு முன்னாடி இருக்கும், எண்ணெய் தீரத் தீர டெயில் வெயிட் ஆகும். இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான்.

யாரும் சொல்லாதது டெயிலோட கந்துவட்டி. 9 கிராம் சர்வோ (டெயில்ல இருக்குற சுக்கானை அசைக்கிற குட்டி மோட்டார்) ஒண்ணை டெயில்கிட்ட, சிஜிக்கு 50 செ.மீ பின்னாடி வெச்சீங்கன்னு வைங்க, மூக்குல 18 செ.மீ முன்னாடி அதை ஈடுகட்ட 25 கிராம் ஈயம் வேணும். வெறும் 9 கிராமுக்கு 25! டெயில்ல பெயிண்ட், ஸ்டிக்கர், ஏகப்பட்ட ஹாட் க்ளூ, எல்லாத்துக்கும் இதே வட்டிதான், அதனால சர்வோவை முன்னாடி வெச்சு அதுல இருந்து சுக்கானுக்கு நீள புஷ்ராடு (தள்ளுற கம்பி) போடுங்க. ஈயத்தைத் தேடுறதுக்கு முன்னாடி பேட்டரியை நகத்திப் பாருங்க, 900 கிராம் பிளேன்ல 180 கிராம் பேட்டரியை 2 செ.மீ தள்ளுனாலே சிஜி 4 மி.மீ நகரும். அதுவும் பத்தலன்னாதான் வெயிட். டயர் கடைல வீல் பேலன்ஸிங்குக்கு ஒட்டுற வெயிட், காசிமேடு பக்கம் தூண்டில் சாமான் கடைல ஈயக்குண்டு, அவசரத்துக்கு பழைய தடி அஞ்சு ரூபா காசு, ஒண்ணு ஏறக்குறைய 9 கிராம் இருக்கும்.

பேட்டரி எங்க உக்காருதுன்னு உள்ள மார்க்கர்ல கோடு போட்டு வெச்சுக்கோங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல வேற பிராண்ட் வாங்கிட்டு வந்து, அதே 2200 mAh தானேன்னு அப்படியே சொருகாதீங்க, வெயிட்டும் நீளமும் வேற வேறயா இருக்கும், திரும்ப ஒருவாட்டி விரல்ல வெச்சுப் பாருங்க. வெல்க்ரோவை மட்டும் நம்பாம ஸ்ட்ராப்பும் போடுங்க, வெயில்ல கார் டிக்கில கெடந்தா பசை இளகிடும், மேல ஏறும்போது பேட்டரி பின்னாடி வழுக்குச்சுன்னா நீங்க வீட்டுல பாத்த பேலன்ஸ்லாம் காலி.

கடைசியா ஒரு திருட்டுத்தனம், நெறைய பேர் பண்றது. பிளேன் மூக்கைத் தொங்கப்போட்டா அப் ட்ரிம் அடிச்சு (ஸ்டிக்கைத் தொடாமலே சுக்கான் கொஞ்சம் மேல நிக்கிற மாதிரி செட் பண்ணி) சரிபண்ணிட்டு "சூப்பரா பறக்குது"ம்பாங்க. அது சிஜியை மறைக்கிறதுதான், ஸ்பீடு மாறுனா மறுபடி குட்டு வெளிப்படும். நல்ல உயரத்துல நேரா பறக்க ட்ரிம் பண்ணிட்டு, 45 டிகிரி டைவ் விட்டு, த்ராட்டிலை மூடி ஸ்டிக்கை விட்டுடுங்க. படார்னு மூக்கைத் தூக்குனா நோஸ் வெயிட் அதிகம், மெதுவா எழுந்தா சரி, இன்னும் செங்குத்தா போனா டெயில் வெயிட், உடனே அப் குடுத்து எடுத்து எறக்கிடுங்க. இதை காலைலயே பண்ணுங்க, மதியம் கடல்காத்து ஆரம்பிச்சுட்டா பிளேன் ஆடுறது சிஜியாலயா காத்தாலயான்னே புரியாது. ஏர்போர்ட் இருக்குற மீனம்பாக்கம், ஏர்ஃபோர்ஸ் தளம் இருக்குற தாம்பரம் சுத்துவட்டாரத்துல எந்த நேரத்துலயும் வேணாம்.

அந்த உடைஞ்ச பிளேனை ஒட்டி, சிஜியை 5.2 செ.மீக்கு கொண்டு வந்தேன், பேட்டரியை முட்டுற வரைக்கும் முன்னாடி தள்ளியும் பத்தாம மூக்குல ரெண்டு அஞ்சு ரூபா காசை டேப் போட்டு ஒட்டுனேன். டைவ் விட்டா லேசா வெடுக்குன்னு எழுந்துச்சு, ஒரு காசை எடுத்துட்டேன், இன்னொண்ணு இன்னும் உள்ளதான் இருக்கு.