நெடுநாள் நின்ற மோட்டார் சைக்கிளின் பெற்றோல் வழியை வீட்டிலேயே சீர்செய்யும் முறை

2022 ஆம் ஆண்டின் பெற்றோல் தட்டுப்பாட்டில் ஓரமாக நிறுத்தப்பட்ட பழைய மோட்டார் சைக்கிள்கள் சில, திருகோணமலையில் எனக்குத் தெரிந்த வீடுகளின் விறாந்தைகளில் இன்னமும் அப்படியே நிற்கின்றன. என் மாமாவின் ஹொண்டா சீ.டீ. 125 உம் அவ்வாறு நின்றதுதான். உதைத்துப் பார்ப்பார்கள், பிளக்கை மாற்றுவார்கள், அப்போதும் உயிர் வராவிட்டால் என்ஜின் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓடிக்கொண்டிருந்த நிலையில் நிறுத்தப்பட்ட வண்டியென்றால், பெரும்பாலும் கோளாறு என்ஜினில் இருக்காது. தாங்கியிலிருந்து, பெற்றோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் காபரேற்றருக்குப் பெற்றோல் இறங்கி வருகிற வழியில்தான் இருக்கும். அந்த வழியைத் துப்புரவாக்க இரண்டு விடுமுறை நாட்களும் பொறுமையும் போதும்.

வேலையை எப்போதும் மேலிருந்து கீழாகச் செய்யுங்கள்: முதலில் தாங்கி, பிறகு பெற்றோலைத் திறந்து மூடும் கொக், பிறகு குழாய், கடைசியாகக் காபரேற்றர். நான் முதன்முறை இதைத் தலைகீழாகச் செய்தேன். காபரேற்றரைப் பளபளப்பாகக் கழுவிப் பூட்டிவிட்டு நிலாவெளிப் பக்கம் புறப்பட்டால், உப்புவெளி தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. மறுபடியும் கழுவினேன், மறுபடியும் நின்றது. வழியில் நின்று பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர் தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, மேலே துருவெல்லோ கிடக்கு, கீழே கழுவி என்ன பலன்?” என்றார். அன்றிலிருந்து தாங்கியைப் பார்க்காமல் நான் எந்தக் காபரேற்றரையும் திறப்பதில்லை.

பெற்றோல் கெடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் செய்வது எதற்காக என்பது விளங்கும். நின்ற வண்டியில் பெற்றோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் போய்விடுகின்றன. மிஞ்சுவது தடித்து, பழைய வார்னிஷ் போல மணக்கும் பிசினாக மாறி, ஊசிமுனை அளவான துளைகளில் படிந்துவிடுகிறது. அரைகுறையாக நிரம்பிய தாங்கி பகலில் சூடேறி இரவில் குளிரும்போது வெளிக்காற்றை இழுக்கிறது. அதிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்த்து இறங்குகிறது. தண்ணீர் பெற்றோலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கி, அங்கேயே துருவைத் தொடக்குகிறது. வாடைக் காலத்தில் மாதக்கணக்காக ஈரமும் உப்பும் கலந்த காற்று வீசும் நம் ஊரில் இது இன்னும் விரைவாக நடக்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களில் பல, நெடுங்காலம் பயன்படுத்தப்படாமல் காட்டுக்குள் துருவேறி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, வெறுமையாக விடப்பட்ட இரும்புத் தாங்கிக்கு என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, பல அடி தூரத்தில் எரியும் அடுப்பிலோ விளக்கிலோ பற்றிக்கொள்ளும். நிரம்பிய தாங்கியைவிட, ஆவி மட்டும் நிற்கும் வெறுந்தாங்கி ஆபத்தானது. எனவே முற்றத்தில், காற்றோட்டமான இடத்தில், குசினிக்கும் சாமி விளக்குக்கும் தள்ளி வேலை செய்யுங்கள். பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்திருங்கள். குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். வடித்தெடுத்த பழைய பெற்றோலைக் கானிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், மூடியுள்ள உலோகக் கொள்கலனில் சேர்த்துக் கராஜில் ஒப்படையுங்கள். நாம் குடிக்கும் தண்ணீர் அந்த மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.

தாங்கி

தாங்கியைக் கழற்றி, பெற்றோலை முழுதாக வடித்து, மூடியையும் பெற்றோல் கொக்கையும் தனியே எடுத்துவிடுங்கள். துருவெடுக்க ஊற்றப்போகும் அமிலம் கொக்கிலுள்ள உலோகத்தை அரித்துவிடும் என்பதால் அது இருந்த துளையைப் பழைய சைக்கிள் ரியூப் துண்டாலும் ஒரு தகட்டாலும் இறுக்கி அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மெல்லிய செம்மஞ்சள் படலம் மட்டும் இருந்தால் வேலை எளிது. தடித்த செதில்கள் இருந்தால், சவர்க்காரத் தண்ணீரோடு ஒரு பழைய மெல்லிய சங்கிலியை உள்ளே விட்டு, அதன் ஒரு முனை வெளியே நிற்கும்படி கம்பியால் கட்டிக்கொண்டு, நன்றாகக் குலுக்குங்கள். கூழாங்கல்லையோ நட்டுகளையோ போடுகிறவர்கள் உண்டு. அவற்றில் ஒன்று மூலையில் சிக்கினால் வெளியே எடுக்க ஒரு நாள் போய்விடும். ஆகவே சங்கிலியே நல்லது.

துருவைக் கரைக்க நான் பரிந்துரைப்பது சிட்ரிக் அமிலம். கேக் செய்வதற்கான பொருட்கள் விற்கும் கடைகளில் வெள்ளைப் பளிங்குத் தூளாகக் கிடைக்கும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை கலந்து, தாங்கியை விளிம்பு வரை நிரப்புங்கள். மேல் பகுதி வெறுமையாக இருந்தால் அங்கே துரு அப்படியே நிற்கும். 12 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள், தேவையென்றால் ஒரு நாள் வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். வாயோரத்தில் வழியும் கரைசல் பெயின்ற்றைக் கெடுக்காதிருக்கச் சுற்றிலும் பொலித்தீன் ஒட்டிக்கொள்ளுங்கள். சாதாரண வினாகிரியாலும் இந்த வேலை ஆகும், ஆனால் இரண்டு மூன்று நாள் எடுக்கும். மின்சாரம் பாய்ச்சித் துருவெடுக்கும் முறையில் எளிதில் வெடிக்கக்கூடிய ஐதரசன் வாயு வெளிவருவதால், புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

எல்லோரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். கரைசலை ஊற்றியவுடன், ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்த தண்ணீரால் தாங்கியை அலசி அமிலத்தை முறியுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு தரம் அலசுங்கள். இப்போது உள்ளே வெறும் சாம்பல் நிற இரும்பு தெரியும். பத்து நிமிடம் சும்மா விட்டால், கண்ணெதிரிலேயே அது மெல்ல மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகும். ஒரு நாள் உழைப்பு வீணாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டிய கையோடு ஒரு கோப்பை மெதிலேற்றட் ஸ்பிரிட்டை ஊற்றிச் சுழற்றுங்கள். அது மிஞ்சிய ஈரத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறும். ஸ்பிரிட்டும் தீப்பற்றும் பொருள் என்பதால் தலைமயிர் உலர்த்தும் கருவியைக் கிட்டக் கொண்டுவராமல், வெயிலிலும் காற்றிலும் காயவிடுங்கள். உலர்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். உடனே கொஞ்சம் பெற்றோலில் ஒரு மேசைக்கரண்டி ரூ-ஸ்ட்ரோக் ஒயில் கலந்து ஊற்றி, எல்லாச் சுவரிலும் படும்படி புரட்டி எடுங்கள்.

தாங்கியின் உள்ளே பூசும் எப்பொக்சிக் கலவைகளும் கிடைக்கின்றன. ஊசித் துளைகள் இருந்தாலன்றி அவற்றை நான் விரும்புவதில்லை. சரியாகப் பிடிக்காத பூச்சு பின்னாளில் தோல் தோலாக உரிந்து, துருவைவிட மோசமாக வழியை அடைக்கும்.

மூடியிலுள்ள காற்றுத் துளையை மறக்கக் கூடாது. அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, சில கிலோமீற்றர் ஓடியபின் பெற்றோல் இறங்குவது நின்றுவிடும். மாமாவின் வண்டியில் குளவி ஒன்று அந்தத் துளையிலும், காபரேற்றரின் வழிந்தோடும் குழாயிலும் மண்ணைக் குழைத்து அடைத்திருந்தது. மிளகளவு மண் உருண்டைதான். ஊசியால் குத்தியதும் பொடியாக உதிர்ந்தது.

கொக்கும் குழாயும்

கொக்கைப் பிரித்து வலையையும் கீழ்க்கிண்ணத்தையும் கழுவி, இறுகிப்போன இறப்பர் வளையங்களை மாற்றுங்கள். குழாயைப் பொறுத்தவரை யோசிக்க எதுவுமில்லை: பழையதை எறிந்துவிட்டுப் பெற்றோலுக்கென்றே செய்த புதுக் குழாய் வாங்குங்கள். மீன்தொட்டிக்கு விற்கும் தெளிந்த குழாய் சில மாதங்களில் கல்லாக இறுகி வெடிக்கும். இடையில் வடிகட்டி போடுவதானால் வலை வைத்ததைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோல் தன் பாரத்தால் மட்டுமே இறங்கும் இவ்வண்டிகளில் கடதாசி வடிகட்டி ஓட்டத்தைக் குறைத்துவிடக்கூடும்.

காபரேற்றர்

திறக்கும் முன் எல்லாப் பக்கமும் கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் தலை ஆணிகள் ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்குரூட்றைவர் அவற்றில் ஆழமாக உட்காராமல் வழுக்கித் தலையைச் சிதைக்கும். அந்த அளவுக்கான ஸ்குரூட்றைவர் ஒன்றுக்குச் செலவழிப்பது இந்த வேலையிலேயே மிகப் பயனுள்ள செலவு.

பக்கவாட்டிலுள்ள காற்றுத் திருகைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். முட்டிய பிறகு இறுக்கினால் அதன் கூர்முனை துளையைக் கெடுத்துவிடும். பிறகு கீழ்க்கிண்ணத்தைத் திறங்கள். பச்சையும் பழுப்புமான பசை தெரிந்தால் அதுதான் பழைய பெற்றோல். கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையின் அச்சை மெல்லத் தள்ளி எடுத்து, மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் தளும்பினால் அது ஓட்டை. பித்தளை மிதவையைச் சுடுதண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடமே ஓட்டை இருக்கும் இடம்.

ஜெற் என்பது பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு. பெரிய ஜெற்றின் துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். சிறிய ஜெற்றின் துளை அதில் பாதியும் இராது. வண்டி வேகத்தில் ஓடி, அக்சிலேற்றரை விட்டவுடன் நின்றுபோனால், அடைபட்டிருப்பது பெரும்பாலும் சிறியதுதான். இரண்டையும் காபரேற்றர் கிளீனரில் ஊறவைத்து வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். உள்ளே தெரிய வேண்டியது முழு வட்டமான வெளிச்சம். பிறைபோல் தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது. குத்தியெடுக்க உருக்குக் கம்பியையோ ஊசியையோ பயன்படுத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் வண்டி பெற்றோலைக் குடிக்கும். நான் மீன்பிடிக் கடையில் வாங்கிய 0.3 மில்லிமீற்றர் தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலைப் பயன்படுத்துகிறேன்; துளைக்குள் நுழையும், ஆனால் சுவரைக் கீறாது. உடற்பகுதியில் உள்ள ஒவ்வொரு சிறு வழியிலும் கிளீனரை அடித்து, அது மறுமுனையில் பீறிட்டு வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம். காபரேற்றரின் உடல் மென்மையான கலப்புலோகம் என்பதால், தாங்கிக்குப் பயன்படுத்திய அமிலத்தில் அதை ஊறவைக்க வேண்டாம்.

மிதவை ஏறும்போது பெற்றோல் வழியை மூடும் ஊசியின் முனையில் வளையமாகத் தேய்வு தெரிந்தால் புதியதை வாங்குங்கள். அந்த ஊசி சரியாக மூடாவிட்டால் பெற்றோல் இரவோடிரவாக என்ஜினுக்குள் இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஆகவே வண்டியை உதைக்கும் முன் ஒயில் அளவுக் குச்சியை எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தாலோ அளவு கோட்டுக்கு மேல் நின்றாலோ ஒயிலை மாற்றாமல் என்ஜினை இயக்கக் கூடாது.

பகுதிகளுக்கிடையே கசிவைத் தடுக்கும் காஸ்கட்டுகளைப் புதிதாக வைத்துப் பூட்டி, காற்றுத் திருகைப் பழைய எண்ணிக்கைக்கே திருப்பி வையுங்கள். என்ஜினோடு சேரும் முகத்தின் இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் முகம் வளைந்து காற்றை இழுக்கும். தாங்கியில் ஒரு லீற்றர் புதுப் பெற்றோல் ஊற்றிக் கொக்கைத் திறந்து, அரை மணித்தியாலம் அடியில் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்துவையுங்கள். கடதாசி காய்ந்தே இருந்தால் சோக்கை இழுத்து உதைக்கலாம்.

முதல் 50 கிலோமீற்றர் ஓடியபின், கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்திக் கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிக் கிளாசில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியே உருளும் குமிழி தண்ணீர். செம்மணல் போல் படிவது தாங்கியில் எஞ்சிய துரு. இரண்டொரு துகள் என்றால் அடுத்த 50 கிலோமீற்றருக்குப் பிறகு மீண்டும் பிடித்துப் பாருங்கள். கிளாசின் அடி மறைகிற அளவுக்கு இருந்தால், காபரேற்றரில் கைவைக்காமல் தாங்கியைக் கழற்றுங்கள்.