பழைய மாருதி ஜிப்சியை ஒன்றரை அங்குலம் உயர்த்துவது எப்படி?

மாருதி ஜிப்சி 1985-இல் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் உற்பத்தி நின்ற காலம் வரை முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சு, நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங் (வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்; இனிச் சுருக்கமாகப் பட்டை) என்ற அமைப்பு அதில் மாறவே இல்லை. சஸ்பென்ஷன் வேலையைத் தன் கையால் செய்து பழக விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் அறியேன். ஏனென்றால் எல்லாப் பாகங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன, எல்லா போல்ட்டுக்கும் ஸ்பானர் எட்டுகிறது. ஆயினும் உயர்த்துவது என்பது ஸ்பிரிங்கை மாற்றுவதோடு முடிகிற வேலை அன்று. ஸ்பிரிங் உயரும்போது ஸ்டீயரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (என்ஜினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு), பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் கோணமும் நீளமும் கூடவே மாறுகின்றன. அவற்றைச் சரிபார்ப்பதற்குத்தான் பாதி நேரத்துக்கு மேல் செலவாகும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பட்டையை மாற்றினால் வண்டியின் உடல் உயருமே தவிர, அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (பல்சக்கரங்கள் அடங்கிய உருண்டைப் பெட்டி) ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. கல்லில் முதலில் இடிபடுவது அதுதான். அதை உயர்த்தப் பெரிய டயர் மட்டுமே வழி. பல ஜிப்சிகளில் உள்ள 205/70 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ.; 215/75 ஆர் 15 போட்டால் அது ஏறத்தாழ 703 மி.மீ. ஆகும். அந்த வேறுபாட்டில் பாதி, அதாவது 17 அல்லது 18 மி.மீ. மட்டுமே ஹவுசிங்குக்கு அடியில் கிடைக்கும். அப்படியானால் பட்டையை உயர்த்துவதால் என்ன பயன்? பம்பர் தரையில் இடிக்காமல் மேட்டில் ஏறலாம், வயிற்றுப் பகுதி வரப்பில் உட்காராது, சக்கரம் மேலே எழும்பும்போது ஃபெண்டரில் உரசாது. எஸ்டேட் சாலைகளிலும் மலைக்கிராமத் தடங்களிலும் இவையே பெரிய உதவிகள். அதற்கு 40 மி.மீ. போதும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. ஆகவே பாகம் வாங்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் உயர்த்துவது?

பிக்கப் வண்டிகளில் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதைப் பார்த்த பலர், ஜிப்சியிலும் அதையே செய்யலாம் என்று எண்ணுகிறார்கள். அந்த வண்டிகளில் பட்டை அச்சுக்கு மேலே இருக்கிறது. ஜிப்சியில் அச்சுக்குக் கீழே இருக்கிறது. இங்கே கட்டை வைத்தால் வண்டி உயராது, தாழும்.

இரண்டாவது வழி நீளமான ஷாக்கிள். பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைத்து, முன்னும் பின்னும் ஊசலாடும் இரட்டைத் தகடுதான் ஷாக்கிள். செலவு குறைவு. ஆனால் ஷாக்கிளை 50 மி.மீ. நீட்டினால் வண்டி 25 மி.மீ. அளவுக்கே உயரும், ஏனெனில் அச்சு பட்டையின் நடுப்பகுதியில் இருக்கிறது. அத்துடன் அச்சும் சுழன்றுவிடும். ஜிப்சியின் முன் பட்டையில் ஷாக்கிள் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டும்போது அச்சின் மேல்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்து, காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் மையக்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைகிறது. காஸ்டர் குறைந்த வண்டி நேராக ஓடாமல் அலையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது.

மூன்றாவது வழி, கூடுதல் வளைவுள்ள புதிய பட்டைக்கட்டு. நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனெனில் இதில் அச்சு பெரும்பாலும் தன் கோணத்திலேயே இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் பழைய பட்டையையே அடித்து வளைத்துக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. முறையாகப் பதப்படுத்திக் கொடுப்பவரிடம் மட்டும் அந்த வேலையை ஒப்படையுங்கள். சூடாக்கி வளைத்துவிட்டுப் பதம் ஏற்றாமல் விட்ட பட்டை விரைவில் மீண்டும் படுத்துவிடும்.

அளவெடுத்தல்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிசெய்து, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியில் வலப்பின் பக்கம் மட்டும் 18 மி.மீ. தாழ்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது பட்டையின் மூன்றாம் தகடு உடைந்திருந்தது. பழைய வண்டியை உயர்த்த நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது, படுத்துப்போன பட்டைக்குப் பதிலாகச் சாதாரணப் புதிய பட்டைதான். சேஸிஸில் பட்டை மாட்டும் இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தால், அதைச் சரிசெய்யும் வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

பட்டையை அச்சோடு பிணைக்கும் புதிய யு போல்ட்டுகள், நட்டுகள், பட்டை முனைகளுக்கான ரப்பர் புஷ்கள், உயரத்துக்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர்கள் ஆகியவற்றைப் பட்டையோடு சேர்த்தே வாங்குங்கள். ஒருமுறை இறுக்கிய யு போல்ட் நீண்டிருக்கும்; அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. வேலைக்கு இரண்டு நாள் முன்பே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிடுங்கள்.

கழற்றி மாட்டுதல்

பின்பக்கம் எளிது என்பதால் அங்கே தொடங்குங்கள். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, வீல் நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, ஹவுசிங்குக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் பட்டையின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இரண்டு சேஸிஸ் சட்டங்களுக்கும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். வண்டியை ஆட்டிப் பார்த்து, அது ஸ்டாண்டில் அசையாமல் நிற்பதை உறுதிசெய்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கி தொடர்ந்து அச்சைத் தாங்கியிருக்கட்டும்.

ஷாக் அப்சார்பர்களைக் கழற்றுங்கள். பிறகு ஒரு பக்கத்துப் பட்டையை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் மாட்டியபடியே இருந்தால் அச்சு இடம் பெயராது. யு போல்ட் கழன்றதும் பட்டை கீழ்நோக்கி விழும் என்பதால், அதற்கு அடியில் இன்னொரு சிறிய ஜாக்கியோ கட்டையோ இருக்க வேண்டும். வெளியே எடுக்கும் முன் எந்த முனை முன்பக்கம் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பட்டையின் இரு முனைகளிலும் போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கி, தகடுகளை நடுவில் ஒன்றாகப் பிணைக்கும் சென்டர் போல்ட்டின் தலை அச்சின் மேடையில் உள்ள துளைக்குள் சரியாக உட்காருமாறு அச்சை மெல்ல இறக்குங்கள். தலை துளையில் உட்காராமல் யு போல்ட்டை இறுக்கினால் அச்சு கோணலாகிவிடும். அதன் பின் யு போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், நான்கு நட்டுக்கும் சிறிது சிறிதாக, கீழே நீளும் மரையின் அளவு ஒத்திருக்கும்படி இறுக்குங்கள்.

முன்பக்கத்திலும் முறை இதேதான். ஸ்டெபிலைசர் கம்பி இருந்தால் அதன் இரு முனைகளையும் முதலில் விடுவித்து, அச்சை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹோஸ் விறைத்தால் நீளமானதை மாற்றி, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இழுபட்ட ஹோஸோடு ஓட்டக் கூடாது.

முனை போல்ட்டுகளையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் முழுமையாக இறுக்குவது, வண்டி தரையில் தன் எடையோடு நின்ற பிறகுதான். முதல் முறை நான் இதை அறியாமல், அச்சு தொங்கிய நிலையிலேயே இறுக்கிவிட்டேன். இறக்கியதும் ரப்பர் புஷ்கள் முறுக்கிய நிலையிலேயே நின்றன. நான்கு மாதத்தில் விரிசல் விட்டன. சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, பம்பரை நான்கைந்து முறை அழுத்திவிட்டு, பிறகு பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

சரிபார்த்தல்

சேஸிஸை மீண்டும் தூக்கி, அச்சுகளை முழுதாகத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ், ஹவுசிங்கின் காற்றுக்குழாய், ஷாக் அப்சார்பர், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளும் பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். அந்த நீளும் பகுதியில் முன்கூட்டியே பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தால், எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பது உடனே தெரியும்.

உயர்த்திய பின் ஸ்டீயரிங் வீல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டாதீர்கள். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றி நடுப்படுத்துங்கள். பிறகு அலைன்மென்ட் பட்டறையில் காஸ்டரையும் அளக்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால், பட்டைக்கும் அச்சின் மேடைக்கும் நடுவே தடித்த பக்கம் முன்னோக்கி இருக்குமாறு இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் ஆப்பு கூடக்கூட முன் ஷாஃப்டின் கோணம் மோசமாகும். இரண்டு டிகிரிக்கு மேல் போக நான் துணிய மாட்டேன்.

முகப்பு விளக்குகளின் ஒளி இப்போது எதிரே வருபவரின் கண்ணில் விழக்கூடும் என்பதால் அன்றே அதைத் தாழ்த்துங்கள். ஆளில்லாத சாலையில் 20 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள்; பிறகு 50, 60 கி.மீ. வேகத்தில் அடியிலிருந்து அதிர்வு வருகிறதா என்று கவனியுங்கள். அதிர்வு வந்தால் காரணம் பெரும்பாலும் பின் ஷாஃப்டின் கோணமாகவே இருக்கும். 100 கி.மீ. ஓடியதும் யு போல்ட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். 500 கி.மீ.-இலும் 1000 கி.மீ.-இலும் அதையே செய்து, ஒவ்வொரு முறையும் அந்த நான்கு உயரங்களையும் அளந்து, பழைய குறிப்புக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.