மெயில்பாக்ஸ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கப் எடுங்கள், வார இறுதியில் செய்யுங்கள், ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் செய்தும் விடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். இரண்டு நிறுவனங்கள் இணையும்போது, அல்லது பழைய டொமைனைக் கைவிட்டுப் புதிய ஆக்டிவ் டைரக்டரி ஃபாரஸ்ட் (நிறுவனத்தின் யூசர், கம்ப்யூட்டர் அக்கவுண்டுகளை வைத்திருக்கும் விண்டோஸ் அமைப்பு) கட்டும்போது, யூசர் அக்கவுண்டுகளையும், மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில் உள்ள மெயில்பாக்ஸ்களையும் சேர்த்து நகர்த்த வேண்டி வரும். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதால், இந்த வேலையை முதன்முறையாகத் தொடுகிறவர்கள் இப்போது அதிகம். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மட்டும் பத்து வருஷமாக மாறவே இல்லை.

பழைய உள்முகவரியை விட்டுவிட்டு வருவது

சனிக்கிழமை இரவு மெயில்பாக்ஸ் எல்லாம் புது சர்வருக்கு வந்தாயிற்று. ஜிமெயிலிலிருந்து ஒரு சோதனை மெயில் போடுகிறார்கள், வருகிறது. உள்ளிருந்து வெளியே ஒன்று, போகிறது. இரண்டு ஊழியர்களுக்கிடையே புதிதாக ஒன்று, அதுவும் போகிறது. வேலை முடிந்தது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவில் ஒருவர், பக்கத்து மேசைக்காரர் போன வாரம் அனுப்பிய மெயிலைத் திறந்து ரிப்ளை கொடுக்கிறார். சில நொடிகளில் 5.1.1 என்ற பிழை எண்ணோடு பவுன்ஸ் ஆகித் திரும்பி வருகிறது. அதில் இருப்பது பக்கத்து மேசைக்காரரின் மெயில் முகவரி அல்ல. ‘ஐஎம்சிஇஏஇஎக்ஸ்’ என்று தொடங்கி, கீழ்க்கோடு, சமக்குறி, ‘+20’, ‘+28’ என்று இரண்டு வரிக்கு நீளும் ஒரு விநோத முகவரி. பத்து மணிக்குள் எல்லாத் தளங்களிலிருந்தும் இதே புகார்.

காரணம் இதுதான். ஒரே எக்ஸ்சேஞ்ச் அமைப்புக்குள் போகும் மெயிலில் அனுப்புநரை எஸ்எம்டிபி முகவரியாக (வழக்கமான @ போட்ட மெயில் முகவரி) எக்ஸ்சேஞ்ச் குறித்து வைப்பதில்லை. ‘லெகஸி எக்ஸ்சேஞ்ச் டிஎன்’ என்ற உள்முகவரியாகத்தான் வைக்கிறது. பழைய மெயில்கள், காலண்டரில் உள்ள மீட்டிங்குகள், அவுட்லுக்கில் இரண்டு எழுத்து அடித்ததும் பெயரை எடுத்துக்கொடுக்கும் பட்டியல் என எல்லாவற்றிலும் பதிந்திருப்பது அதுவே. புது ஃபாரஸ்டில் அதே ஆளுக்கு வேறொரு உள்முகவரி உருவாகிவிடுகிறது. பழையது யாருடையது என்று புது சர்வருக்குத் தெரியாது. வெளியாட்களின் முகவரிகள் எஸ்எம்டிபியாகவே பதிவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஜிமெயில் சோதனையும் புது மெயில் சோதனையும் இந்தக் குறையைக் காட்டாமல் போவது அதனால்தான்.

இதற்கு ஹெல்ப்டெஸ்க்கில் சொல்லும் பதில்தான் இன்னும் எரிச்சல் தருகிறது: “அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு, முகவரியை முழுசா டைப் பண்ணுங்க.” முன்னூறு பேரிடம் முன்னூறு முறை சொல்கிறார்கள். அழித்தாலும் புதிதாக எழுதும் மெயில் மட்டுமே போகும். பழைய மெயிலுக்கு ரிப்ளை அப்போதும் பவுன்ஸ் ஆகும். வாராவாரம் நடக்கும் மீட்டிங்கின் நேரத்தை மாற்றினால் அந்தத் தகவலும் பவுன்ஸ் ஆகும். சர்வரில் ஒரு வரி சேர்த்தால் தீரும் குறையை ஊழியர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அந்த ஒரு வரி: பழைய உள்முகவரியைப் புது அக்கவுண்டின் ப்ராக்ஸி முகவரிப் பட்டியலில் (அந்த ஆளுக்குரிய எல்லா முகவரிகளும் உள்ள இடம்) ‘எக்ஸ்500:’ என்ற முன்னொட்டோடு சேர்ப்பது. நகர்த்தத் தொடங்கும் முன்பே பழைய ஃபாரஸ்டிலிருந்து எஸ்எம்டிபி முகவரி, உள்முகவரி, ஏற்கெனவே உள்ள எக்ஸ்500 முகவரிகள் மூன்றையும் ஒரு சிஎஸ்வி கோப்பில் எடுத்து வையுங்கள். மூன்றாவதை மறக்காதீர்கள், அந்த நிறுவனம் இதற்கு முன்பும் ஒருமுறை இடம் மாறியிருந்தால் அந்தக் காலத்து மெயில்களுக்கு அதுதான் ஆதாரம். ஆட்கள் மட்டும் போதாது. டிஸ்ட்ரிபியூஷன் குரூப், மீட்டிங் ரூம், ஷேர்டு மெயில்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் உள்முகவரி உண்டு. எக்ஸ்சேஞ்சோடு வரும் ‘ப்ரிப்பேர் மூவ் ரிக்வெஸ்ட்’ ஸ்கிரிப்டை ஓட்டினால் மெயில்பாக்ஸ்களுக்கு இதை அதுவே செய்துவிடும். பிஎஸ்டி கோப்பாக (அவுட்லுக்கின் மெயில் சேமிப்புக் கோப்பு) எடுத்துப் புது மெயில்பாக்ஸில் ஏற்றுகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய சர்வர் ஏற்கெனவே போய்விட்டதா? பவுன்ஸ் ஆன மெயிலிலிருந்தே மீட்கலாம். முன்னால் உள்ள ‘ஐஎம்சிஇஏஇஎக்ஸ்-’ என்பதையும், பின்னால் அட் குறியிலிருந்து உள்ள டொமைன் பெயரையும் வெட்டுங்கள். கீழ்க்கோடு ஒவ்வொன்றையும் முன்சாய்கோடாக மாற்றுங்கள். பிறகு +20 வெற்றிடம், +28 திறக்கும் அடைப்பு, +29 மூடும் அடைப்பு. கீழ்க்கோட்டை முதலில் மாற்றிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். +5எஃப் என்று வந்தால் அது நிஜமான கீழ்க்கோடு. கிடைப்பதன் முன்னால் ‘எக்ஸ்500:’ போட்டு, அந்த ஆளின் அக்கவுண்டில் சேர்த்துவிடுங்கள்.

இனிச் சோதிக்கும்போது மூன்று வருஷப் பழைய உள் மெயில் ஒன்றுக்கு ரிப்ளை கொடுத்தும், பழைய மீட்டிங் ஒன்றின் நேரத்தை மாற்றியும் பாருங்கள்.

அட்மின் அக்கவுண்டில் நுழைந்து அனுமதிகளைச் சோதிப்பது

விண்டோஸ் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் கொடுக்கும் அடையாள எண்தான் எஸ்ஐடி. புது அக்கவுண்டுக்குப் புது எஸ்ஐடி. ஃபைல் சர்வரின் அனுமதிகளில் எழுதியிருப்பது பழைய எஸ்ஐடி. அக்கவுண்டுகளை நகர்த்தும் ஏடிஎம்டி கருவி பழையதை ‘எஸ்ஐடி ஹிஸ்டரி’யாகக் கொண்டுவந்தாலும், இரண்டு ஃபாரஸ்டுக்கும் இடையிலான டிரஸ்டில் (ஒன்றின் அக்கவுண்டை மற்றது ஏற்கும் ஏற்பாடு) உள்ள எஸ்ஐடி ஃபில்டரிங் என்ற பாதுகாப்பு அதை வடிகட்டிவிடும். மாற்றும் காலத்துக்கு அதைத் தளர்த்த வேண்டும். முடிந்ததும் மறக்காமல் இறுக்க வேண்டும், திறந்தே கிடந்தால் அது பாதுகாப்பு ஓட்டை. அட்மினுக்கு எல்லாக் கதவும் திறக்கும். சாதாரண ஊழியர் அக்கவுண்டில் நுழைந்து பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

கம்ப்யூட்டரில் உள்ள ப்ரொஃபைலும் (ஊழியரின் டெஸ்க்டாப், கோப்புகள், அமைப்புகள்) அப்படியே. பழைய ப்ரொஃபைலைப் புது அக்கவுண்டுக்கு உரியதாக்கும் ‘செக்யூரிட்டி டிரான்ஸ்லேஷன்’ ஓட்டும் முன் ஊழியர் புது அக்கவுண்டில் நுழைந்துவிட்டால் விண்டோஸ் வெறும் டெஸ்க்டாப்பை உருவாக்கிக் கொடுக்கும். அழுகிற நிலைக்கு வந்துவிடுவார்கள். கோப்புகள் பழைய ப்ரொஃபைலில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அதை அவருக்கு யார் சொல்வது? விண்டோஸின் இஎஃப்எஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிய கோப்பு இருந்தால் மாற்றத்துக்கு முன்பே பூட்டை எடுத்துவிடுங்கள்.

ஏடிஎம்டியில் எக்ஸ்சேஞ்ச் பண்புகளையும் சேர்த்து நகலெடுப்பது

கூடாது. அக்கவுண்டில் எக்ஸ்சேஞ்ச் எழுதி வைக்கும் அந்த விவரங்களை ஏடிஎம்டியின் விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

அகர வரிசையில் தொகுதி பிரிப்பது

மேலாளர் ‘க’வில், அவர் மெயில்பாக்ஸைப் பார்க்கும் உதவியாளர் ‘வி’யில். ஒருவர் இந்த வாரம் போகிறார், மற்றவர் அடுத்த வாரம். ஃபாரஸ்ட் எல்லையைத் தாண்டி இந்த அனுமதிகள் வேலை செய்வதாக நம்பக் கூடாது. யார் யாருடைய மெயில்பாக்ஸைத் திறக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்து, அதன்படி குழு பிரியுங்கள். ஷேர்டு மெயில்பாக்ஸ் அதன் ஆட்களோடு ஒரே இரவில் போக வேண்டும்.

டொமைனை ‘அத்தாரிட்டேட்டிவ்’ என்று வைப்பது

பாதிப் பேர் இன்னும் பழைய சர்வரில் இருக்கும்போது, புது சர்வர் இந்த மெயில் டொமைனுக்கு (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) தானே முழு உரிமையாளர் என்று நினைத்தால், தன் பட்டியலில் இல்லாத ஊழியருக்கு வரும் மெயிலை அந்த இடத்திலேயே திருப்பிவிடும். கடைசி ஆள் நகரும் வரை, தன்னிடம் இல்லாதவரின் மெயிலைப் பழைய சர்வருக்குத் தள்ளிவிடும் ‘இன்டர்னல் ரிலே’ என்று வையுங்கள். அந்த மெயில் போகும் வழியாகப் பழைய சர்வருக்கு ஒரு சென்ட் கனெக்டர் போடுங்கள்.

திங்கள் காலை லைனைக் கணக்கில் எடுக்காதது

அவுட்லுக்கில் புது ப்ரொஃபைல் போட்டால் அது தன் ஓஎஸ்டி கோப்பை (மெயில்பாக்ஸின் நகலைக் கம்ப்யூட்டரில் வைக்கும் கோப்பு) முதலிலிருந்து இறக்கும். 200 பேர், ஆளுக்கு 5 ஜிபி என்றால் 1000 ஜிபி. 100 எம்பிபிஎஸ் லைனில் வேறு எதுவுமே ஓடாவிட்டாலும் 22 மணி நேரம். கேஷ் அளவை (எத்தனை மாத மெயிலைக் கம்ப்யூட்டரில் வைப்பது என்பதை) மூன்று மாதமாகக் குறைத்து வையுங்கள், அல்லது கிளை கிளையாக நகர்த்துங்கள்.

எம்எக்ஸ் டிடிஎல்

டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுதான் எம்எக்ஸ். அதை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல் 86400 நொடி இருந்தால், மாற்றத்துக்கு ஒரு நாளாவது முன்பே 300 ஆக்குங்கள். மாற்றும் நேரத்தில் குறைத்துப் பயனில்லை.

எஸ்பிஎஃப்

உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு இது. புது சர்வரை முதல் மெயில் போகும் முன்பே இதில் சேர்த்துவிடுங்கள். இதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் பதிவு முழுவதுமே செல்லாது.

பழைய சர்வரை உடனே அணைப்பது

ஸ்கேனர், ஜெராக்ஸ் மெஷின், யுபிஎஸ், சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள் ஆகியவற்றில் பழைய சர்வரின் ஐபி எண்ணை என்றோ யாரோ நேரடியாக எழுதி வைத்திருப்பார்கள். பழைய சர்வரின் ரிசீவ் கனெக்டரில் (மெயில் உள்ளே வரும் வாசல்) புரோட்டோகால் லாகை (யார் வந்துபோகிறார்கள் என்ற பதிவை) இயக்கி, ஒரு முழு மாதம் விடுங்கள். சம்பள மென்பொருள் மாதம் ஒருமுறைதான் மெயில் அனுப்பும். லாகில் வந்துபோகும் ஐபி ஒவ்வொன்றும் எந்த மெஷின் என்று தேடிப் பிடித்து மாற்றி, லாக் வெறுமையான பிறகு சர்வரை அணைத்து இரண்டு வாரம் வையுங்கள். எக்ஸ்சேஞ்சை நீக்குவது அதற்குப் பிறகு.