சுசுகியின் 660 சிசி டர்போ: கை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கெய் கார் என்பது ஜப்பான் சட்டம் எஞ்சினுக்கும் உடலுக்கும் அளவு எல்லை வைத்த குட்டிக் கார் வகை. சுசுகியின் கெய் கார் கேட்டலாக்குகளைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். 1987 ஆல்டோ வொர்க்ஸ்: 64 குதிரைசக்தி. 1991 கப்புச்சினோ: 64. 1998 ஜிம்னி: 64. 2015இல் திரும்ப வந்த ஆல்டோ வொர்க்ஸ்: அதுவும் 64. இடையில் எஞ்சின் மூன்று முறை மாறிவிட்டது. இரும்பு பிளாக் போய் அலுமினியம் வந்தது, டைமிங் பெல்ட் போய் செயின் வந்தது. எண் மட்டும் அசையவில்லை.

இந்த எஞ்சின்களில் கை வைக்கிறவர்கள் செய்யும் தவறு இந்த எண்ணில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு கூட்டம், "660 சிசி, மூன்று சிலிண்டர், இதில் என்ன இருக்கப்போகிறது" என்று விட்டுவிடும். இன்னொரு கூட்டம், "64 என்பது சும்மா ஒரு பூட்டு, திறந்தால் 100 கொட்டும்" என்று பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றை அழுத்தும் அளவை, திருகும். முதல் கூட்டத்துக்கு நட்டம் ஒன்றுமில்லை. இரண்டாவது கூட்டத்தின் பிஸ்டன்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

பூட்டு என்பது பொய்யில்லை. கெய் கார்களின் எஞ்சின் அளவை ஜப்பான் அரசு படிப்படியாக உயர்த்தியது: 1955இல் 360 சிசி, 1976இல் 550, 1990இல் 660. அளவைக் கூட்ட முடியாத கம்பெனிகள் காற்றை அழுத்தித் திணிக்க ஆரம்பித்தன. 1983இல் மிட்சுபிஷி மினிகாவில் டர்போ வந்தது. சுசுகி 1985இல் ஆல்டோவில் வைத்தது. அப்புறம் 1987 பிப்ரவரியில் ஆல்டோ வொர்க்ஸ் வந்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. வெறும் 543 சிசி. மூன்று சிலிண்டர், இரட்டைக் கேம், 12 வால்வு, டர்போ, இன்டர்கூலர் எல்லாம் சேர்ந்து 64 குதிரைசக்தி. இதை விட்டால் அடுத்தவன் 70 போடுவான், அதற்கடுத்தவன் 80 போடுவான் என்று அங்கே ஒரு பயம் வந்தது. எல்லாக் கம்பெனிகளும் 64ஓடு நிறுத்திக்கொண்டன.

பலர் இதைச் சட்டம் என்று நினைக்கிறார்கள். சட்டத்தில் இருப்பது கனஅளவும் காரின் நீள அகல உயரமும்தான். 64 என்பது கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பெரிய கார்களுக்கு இதே மாதிரி இருந்த 280 குதிரைசக்தி எல்லையை 2004இல் கைவிட்டார்கள். கெய் காருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டமில்லை என்பதற்கு சாட்சி வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் 2013இல் செவன் 160 காரில் சுசுகியின் கே6ஏ என்ற 660 சிசி டர்போ எஞ்சினை வைத்து 80 குதிரைசக்தி எடுத்தது. 490 கிலோ எடை. அந்தக் கார் ஜப்பானில் கெய் கார்களுக்கான மஞ்சள் நம்பர் பிளேட்டோடு ஓடியது.

ஆக, 64இலிருந்து 80 வரை இடம் இருக்கிறது என்பதை ஒரு கார் கம்பெனியே காட்டிவிட்டது. சிக்கல் என்னவென்றால், கேட்டர்ஹாமில் அந்த 80 ஒரு திருகாணியைச் சுற்றி வந்ததில்லை.

காற்று வரும், பெட்ரோல் வராது

டர்போ எஞ்சினில் சக்தியைக் கூட்டுவது பார்க்க ரொம்ப சுலபம். பூஸ்ட் மீறாமல் புகையைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயில் ஒரு மலிவான வால்வைச் செருகினால் போதும், பூஸ்ட் ஏறும். உதாரணத்துக்கு 0.9 பார் பூஸ்ட்டை 1.2 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால் 1.9 என்பது 2.2 ஆகிறது. சிலிண்டருக்குள் சுமார் 16 சதவீதம் கூடுதல் காற்று. அந்தக் கணக்கிலேயே பெட்ரோலும் கூட வேண்டும். யார் கொடுப்பது?

கப்புச்சினோ காலத்து எஃப்6ஏ எஞ்சினில் இன்டேக் குழாயின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து ஈசியு என்ற எஞ்சின் கணினிக்குச் சொல்லும். ஈசியு தன் அட்டவணையைப் பார்த்து பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவு செய்யும். அட்டவணையில் இல்லாத அழுத்தம் வந்தால் பெட்ரோலையே நிறுத்திவிடும். ஓட்டுகிறவருக்குப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். அது எஞ்சினைக் காப்பாற்ற வைத்த காவல்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அந்த இழுப்பு வந்தவுடன், "இதை எப்படி நிறுத்துவது" என்று தேடுகிறார்கள். ஃப்யூயல் கட் டிஃபென்சர் என்று ஒரு சின்னப் பெட்டி ஜப்பானில் ரொம்ப காலமாக விற்கிறது. சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் அது பிடித்துவைக்கும். அதாவது ஈசியுவிடம் பொய் சொல்லும். உள்ளே 1.2 பார் இருக்கும்போது ஈசியு 1 என்று நம்பி, 1க்கான பெட்ரோலை மட்டும் தரும். இழுப்பு நின்றுவிடும். கார் பறக்கும். ஓட்டுகிறவருக்கு சந்தோஷம் தாங்காது. கலவையில் பெட்ரோல் குறைந்ததால் வெப்பம் ஏறுவதும், தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்னாலேயே மீதிக் கலவை தானாக வெடிப்பதும் (இதுதான் நாக்கிங்) இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

நான் பார்த்த பிஸ்டன் அப்படிப் போனதுதான். மேலே உருகவில்லை, ஓட்டை விழவில்லை. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய விளிம்பில் ஒரு நகத்துண்டு அளவுக்கு உடைந்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த சிலிண்டரில் அழுத்தமே இல்லை. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவிய மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். விரலால் தேய்த்தால் போகாது. கருப்பாக இருப்பது கரி, பளபளப்பது பிஸ்டனின் அலுமினியம். பிளக்கை ஒரு மாதம் முன்னால் கழற்றிப் பார்த்திருந்தால் பிஸ்டன் பிழைத்திருக்கும்.

சரி, ஒழுங்காகச் செய்வது எப்படி? வரிசை தலைகீழாக வேண்டும். முதலில் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர், அப்புறம் பெரிய இன்ஜெக்டரும் அதற்கேற்ற ஃப்யூயல் பம்ப்பும், பிறகு அதற்கென எழுதிய ஈசியு, கடைசியில்தான் பூஸ்ட். செலவுக் கணக்கும் இதே வரிசையில்தான் இறங்கும். அதனால்தான் எல்லாரும் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

பெட்ரோல் தரத்தையும் மறக்கக் கூடாது. ஜப்பானின் சாதாரண பெட்ரோலுக்கு அவர்களுடைய தரநிலை கேட்பது 89 ஆக்டேன்தான் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு). கெய் டர்போக்கள் பெரும்பாலும் அதற்கென்றே அமைக்கப்பட்டவை. கம்பெனி அமைப்பிலேயே இருக்கும் காருக்கு 95 ஊற்றினால் சக்தி கூடிவிடும் என்பது ஆசை மட்டுமே. பூஸ்ட்டைக் கூட்டிய காருக்கு 91 ஊற்றுவது ஆபத்து. இரண்டும் ஒரே ஆளே செய்யும் தவறுகள், வெவ்வேறு மாதங்களில்.

எது எந்த எஞ்சின்?

இணையத்தில் "சுசுகி 660 டர்போ" என்று பொதுவாகத் தேடி உதிரிபாகம் வாங்குவது காசைக் கரைக்கும் வழி. எஃப்6ஏ 65 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 66 ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 657 சிசி. வார்ப்பிரும்பு பிளாக், பெல்ட். அதன் பின் 1994இல் வந்த கே6ஏ 68க்கு 60.4, 658 சிசி. முழுக்க அலுமினியம், செயின். ஒரு சிசிதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். போதாததற்கு எஃப்6ஏயிலேயே ஒற்றைக் கேம், இரட்டைக் கேம், டர்போ உள்ளது, இல்லாதது என்று ஒரு படையே இருக்கிறது. கப்புச்சினோவே பாதி வழியில் எஃப்6ஏயிலிருந்து கே6ஏக்கு மாறியது. அப்போதும் சக்தி 64தான். ஆனால் டார்க் எனும் சுழல்விசை 8.7 கிலோகிராம் மீட்டரிலிருந்து 10.5க்கு ஏறியது, அதுவும் 4,000 சுற்றுக்குப் பதில் 3,500லேயே. ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் காலில் தெரியும். 64 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இதைத் தவறவிடுகிறார்.

டர்போ இல்லாத கே6ஏயில் டர்போவை மட்டும் மாட்டிவிடலாம் என்பது இந்தத் தவறின் தம்பி. டர்போ கே6ஏயின் கம்ப்ரஷன் விகிதம் சுமார் 8.4, டர்போ இல்லாததில் 10.5. அந்த இரண்டு புள்ளி இடைவெளியில் நாக்கிங் குடியிருக்கிறது.

மலேசியாவில் பெரோடுவா கம்பெனியின் கான்சில் என்ற குட்டிக் காருக்குள் டர்போ எஞ்சின் மாற்றிப் போடும் நம் ஆட்கள் பேசுவது டைஹட்சுவின் ஜேபி வரிசை, நான்கு சிலிண்டர். அது வேறு கதை, வேறு கம்பெனி. அந்த ஊர் அனுபவத்தைக் கேட்டு சுசுகியில் அதே பூஸ்ட்டை வைக்காதீர்கள்.

நம்மூருக்கும் இந்த வம்சத்தில் ஒரு பங்கு உண்டு. மாருதி 800இன் 796 சிசி எஃப்8பி, எஃப்6ஏக்கு நெருங்கிய உறவு. அந்த சாது எஞ்சினை வைத்துத்தான் கோவையின் கரிவரதன் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று ஒரு தலைமுறையே அதில் ஓட்டக் கற்றுக்கொண்டது. டர்போ கிடையாது, சக்தி அதிகம் கிடையாது, எடை குறைவு. கெய் கார்களின் ருசியும் இதேதான். கப்புச்சினோ வெறும் 700 கிலோ. அதில் 64 என்பது ஒரு டன்னுக்கு 91 குதிரை. 80 ஆக்கினால் 114.

இந்த ருசியைக் கெடுப்பதற்கென்றே பெரிய டர்போ வாங்குகிறார்கள். ஐஎச்ஐயின் ஆர்எச்பி31, ஹிட்டாச்சியின் எச்டி06, எச்டி07 போன்ற இந்த டர்போக்கள் உள்ளங்கையில் அடங்கும். நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலக்கூடியவை. 3,500 சுற்றில் இழுவை கிடைப்பது இவை சின்னதாக இருப்பதால்தான். 660 சிசியின் புகையால் ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்ற நேரம் பிடிக்கும். சக்தியை அளக்கும் டைனோ தாளில் எண் பெரிதாக வரும். ஊருக்குள் சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆட்டோ முந்திக்கொண்டு போகும்.

எண்ணெய்

கடைசியாகச் சொல்கிறேனே தவிர, இந்த எஞ்சின்களை அதிகம் கொன்றது பூஸ்ட் இல்லை, இதுதான். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் மூன்று லிட்டர்கூட வராத எண்ணெய், அத்தனை வேகத்தில் சுழலும் ஒரு தண்டுக்கும் உயவு கொடுக்க வேண்டும். டர்போ வண்டிக்கு சுசுகி சொல்லும் இடைவெளி 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். சாதாரண மாடலுக்குச் சொல்லும் எண்ணைப் பார்த்து 10,000 ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

இலங்கையில் சின்ன எஞ்சினுக்கு வரி குறைவு என்பதால் சுசுகி எவ்ரி வேன்கள் நிறைய இறங்கின. அவற்றில் கே6ஏ டர்போ வைத்தவையும் உண்டு. வவுனியாவில் என் நண்பர் ஒருவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. சாமான் ஏற்றும் வண்டி. ஒருநாள் நீலப் புகை விட ஆரம்பித்தது. கராஜில் டர்போ போய்விட்டது என்று சொல்லி, ஜப்பானிலிருந்து வந்த பழைய டர்போ ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். நான்கு மாதம். "அண்ணை, இதுவும் புகைக்குது" என்று போன் செய்தார்.

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். சுண்டுவிரலைவிட மெல்லிய இரும்புக் குழாய். வெளியே துரு கூட இல்லை. ஒரு முனையில் டார்ச் அடித்தால் மறுமுனையில் வெளிச்சம் வரவில்லை. சூடான குழாயில் பழைய எண்ணெய் கரியாகி சுவர் சுவராக ஒட்டி, நடுவில் ஊசி நுழையும் துளைதான் மிச்சம். முதல் டர்போவைக் கொன்ற குழாயிலேயே இரண்டாவதையும் மாட்டியிருக்கிறார்கள். டர்போ மாற்றும்போது எண்ணெய் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் புதிதாகப் போடுவது, ஓடவிடும் முன் டர்போவுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, தீப்பொறி இல்லாமல் சில நொடி ஸ்டார்ட்டரால் சுற்றி எண்ணெய் ஏற்றுவது, இந்த இரண்டையும் விட்டுவிட்டு டர்போ மேல் பழி போடுவது ரொம்ப சாதாரணம்.

ட்யூனிங் ஆசையோடு முப்பது வயது கார் வாங்குகிறவர்களும் இதையே முதலில் பார்க்க வேண்டும்: மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன், வெடித்த ரப்பர் குழாய்கள், இன்டர்கூலர் இணைப்பில் எண்ணெய்க் கசிவு, எஃப்6ஏயாக இருந்தால் டைமிங் பெல்ட் மாற்றிய தேதி. பழைய குழாயில் கசியும் பூஸ்ட்டை ஒழுங்குபடுத்தினாலே பல கார்கள் "ட்யூன் செய்த மாதிரி" ஓடும். அதற்கு ஆகிற செலவு சில மீட்டர் சிலிகோன் குழாயும் கிளிப்பும்.

நண்பரின் வேனில் இப்போது மூன்றாவது டர்போ, புதுக் குழாயோடு. மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி அடுத்த எண்ணெய் மாற்றும் கிலோமீட்டரைப் பேனாவால் எழுதியிருக்கிறார். போன வாரம் அனுப்பிய படத்தில் அதில் நாலு எண்கள் அடித்து, ஐந்தாவதாக ஒன்று இருந்தது.