'இஸ்' எங்கே போனது?

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வலங்கைமான் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சைகை மொழியை முதலில் தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கில வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, சொல்லுக்கு ஒரு சைகை போட்டேன். பார்த்த தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இது கையால பேசுற இங்கிலீஷ்" என்று செல்போனில் தட்டிக் காட்டினான்.

இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. சொற்கள் நிற்கும் வரிசையில் அது ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் கிட்டம். அதனால் வகுப்பில் சைகையையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டுக் காட்டும்போது தமிழை நடுவில் வையுங்கள்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வாட், இஸ், யுவர், நேம் என்று பெரிதாக எழுதி, நான்கு பிள்ளைகள் கழுத்தில் சணலால் மாட்டிவிடுங்கள். வரிசையாக நிற்கவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், "இதையே தமிழில் கேளுங்க" என்றால், "உன் பேர் என்ன?" என்று கத்துவார்கள். சரி, அந்த வரிசைக்கு இடம் மாறட்டும். யுவர் முன்னால் வரும், நேம் பக்கத்தில் நிற்கும், வாட் கடைசிக்கு ஓடும். இஸ்ஸுக்கு இடமே இல்லை. இப்போது சைகையில் கேட்டுக் காட்டுங்கள்: உன், பெயர், என்ன. பிள்ளைகள் நிற்கும் அதே வரிசை! இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில்தான் வரும்.

(போன வருடம் இஸ்ஸாக நின்ற பெண் ஓரங்கட்டிவிட்டார்கள் என்று அழுதுவிட்டாள். இப்போது அந்த அட்டையை நானே மாட்டிக்கொள்கிறேன்.)

'நான் இட்லி சாப்பிடவில்லை' என்பதிலும் இதே கதைதான். 'இல்லை' கடைசியில் வரும், கூடவே தலையும் ஆடும். ஆங்கிலத்தில் 'நாட்' நடுவில் உட்கார்ந்திருக்கும்.

முகத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். 'சாப்பிட்டாயா?' என்பதில் கேள்வியைச் சுமப்பது கடைசி 'ஆ'. ஆங்கிலம் அதற்காக 'டிட்'டை முன்னால் கொண்டுவந்து போடும். சைகையில் அந்த வேலை புருவத்துக்கு. கை 'நீ, சாப்பாடு' என்று சொல்லும்போதே புருவம் ஏறி, தலை லேசாக முன்னால் வரவேண்டும். புருவம் ஏறாவிட்டால் அது கேள்வியே இல்லை. பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்து, புருவத்தை மட்டும் பார்த்துக் கேள்வியா இல்லையா என்று சொல்லச் சொல்லுங்கள். சிரித்தே பாதி வகுப்பு போய்விடும், போகட்டும்.

ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கையில் எடுங்கள். 'ஐ கிவ் யூ' மூன்று சொல். சைகையில் கை என் பக்கமிருந்து உன் பக்கம் போனால் போதும், வாக்கியம் முடிந்தது. திருப்பி இழுத்தால் 'நீ எனக்குக் கொடு'. இந்த இடத்தில் தமிழும் நமக்குக் கைகொடுக்காது.

சைகையில் ஆங்கில எழுத்தை விரலால் காட்டுவது பெரும்பாலும் பெயர்களுக்குத்தான். இடது கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை தொட்டால் ஏ, ஈ, ஐ, ஓ, யூ. யூடியூபில் ஒற்றைக் கையால் ஆங்கில எழுத்துக் காட்டினால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை, நமக்கு வேண்டாம். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்களைப் பாருங்கள்.

போன வருடம் கடைசி நாள் தம்பியை வகுப்புக்குக் கூப்பிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்தான். அழுத இஸ்ஸுக்குக் கன்னக்குழியைத் தொட்டுக் காட்டினான். அவள் புருவத்தை ஏற்றி, தன் நெஞ்சைத் தொட்டாள்: நானா?