பேனிக் அட்டாக்: செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்த்த மாத்திரத்தில் "வெறும் பதற்றம்தான்" என்று முடிவுகட்டுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. நெஞ்சுவலி, படபடப்பு, வியர்வை, மூச்சுத்திணறல் எல்லாம் பேனிக் அட்டாக்கிலும் (திடீரென வந்து தாக்கும் கடும் பயம்) வரும்; மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, ஆஸ்துமா, தாழ்சர்க்கரையிலும் வரும். முன்பு பலமுறை வந்திருப்பதாகக் கேஸ் ஷீட்டில் இருந்தாலும், இந்த முறையும் அதுவேதான் என்று சொல்லிவிட முடியாது. நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். நெஞ்சுவலி இருந்தால் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். ஆக்ஸிஜன் 94%க்குக் கீழே இறங்கினாலோ, சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தாலோ, நாடி 150ஐத் தாண்டினாலோ, மயக்கம் வந்தாலோ மருத்துவரை உடனே அழையுங்கள். எண்கள் இயல்பாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் அழைக்கத்தான் வேண்டும்.

அடுத்தது, நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் "நல்லா மூச்சை இழுத்து விடுங்க". நோயாளி ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, அயனி நிலையில் உள்ள கால்சியம் குறைகிறது. உதட்டைச் சுற்றி மரத்துப்போவதும், விரல்கள் இழுத்துக்கொள்வதும் இதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலையும் சுற்றும். ஆழமாக இழுக்கச் சொன்னால் இவை இன்னும் கூடும். "செத்துவிடுவேன்" என்ற பயமும் கூடும். வெளிவிடும் மூச்சை நீட்டச் சொல்லுங்கள்: மூக்கு வழியாக மெதுவாக 4 எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து 6 எண்ணும் வரை விட வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது, அவர் எதிரே அமர்ந்து நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். எண்ணுவது அவரைத் திணறடித்தால் எண்ணிக்கையை விட்டுவிடலாம்.

காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். உண்மையான காரணம் இதயமோ நுரையீரலோ என்றால், பைக்குள் குறையும் ஆக்ஸிஜன் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

"ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்பதும் உதவாது. அவர் உடம்பில் நடப்பது அவருக்கு முழுக்க நிஜம். "நான் இங்கேயே இருக்கேன். இது சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும்" என்று, பரிசோதனை முடிந்த பின், சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். அதுவரை தனியாக விடாதீர்கள். கேட்காமல் தோளைத் தொடுவது, கையை அழுத்திப் பிடிப்பது, சுற்றிலும் ஆட்களை நிறுத்துவது எல்லாம் சிக்கிக்கொண்ட உணர்வையே தரும்.

மருந்து விஷயத்தில் அவசரம் கூடாது. லோராசெபம், அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகள் மருத்துவர் உத்தரவு இல்லாமல் தரக்கூடாதவை. மது அருந்தியவருக்கும் ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) வலி மருந்து எடுப்பவருக்கும் அவை மூச்சையே அடக்கிவிடலாம் என்பதால், முதலில் அதைக் கேட்டறியுங்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. (மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் மருந்து வகை) மாத்திரை தொடங்கியவரிடம், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் நாட்களில் பதற்றம் சற்றுக் கூடலாம் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அட்டாக் உச்சத்தில் இருக்கும்போது நோய் விளக்கம் கொடுப்பது வீண், எதுவும் மனதில் பதியாது. தணிந்த பிறகு பேசுங்கள்: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, காபி குடித்தாரா, தூக்கம் எப்படி, எந்த இடங்களுக்குப் போவதைத் தவிர்க்கத் தொடங்கியிருக்கிறார். தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பதில்களையும், எது அவருக்கு உதவியது என்பதையும் எழுதிவைத்தால், அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.