டிரைவர் சீட்டை விட்டு இறங்கி நடப்பது எப்படி

முப்பத்தோரு வருஷம் மதுரையில் டவுன் பஸ் ஓட்டினேன். கடைசி ஒன்பது வருஷம் என்னோடு ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஒரே டீக்கடை, ஒரே ராத்திரி புரோட்டா. ஓய்வு பெற்றபோது எனக்குச் சுகரும் பிரஷரும் சேர்ந்தே இருந்தன. அவருக்கு ஒன்றுமில்லை. தலையெழுத்து என்று விட்டுவிட்டேன்.

என் மகள்தான் லண்டன் கதையைப் படித்துக் காட்டினாள். 1953இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் அந்த ஊர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். கண்டக்டர்கள் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறி இறங்கினார்கள். அவர்களைவிட உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்குத்தான் இதய நோய் அதிகம். மனுஷன் அதோடு விடவில்லை. சீருடைக் கணக்கையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். இளம் வயதிலேயே டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்திருக்கிறது. அதனால் முழுப் பழியையும் சீட்டின் மேல் போட முடியாது. ஆனால் தபால்காரர்களை மேசை வேலைக்காரர்களோடு ஒப்பிட்டபோதும் தராசு அதே பக்கம்தான் சாய்ந்தது.

நான் நடக்கத் தொடங்கியபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c கணக்கு 9.1. இப்போது 6.8. மாத்திரையை நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நடந்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எனக்குச் சரிப்பட்ட வழி இது. முதல் இரண்டு வாரம் மைதானத்துக்கே போகவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் தெருக்கோடி வரை பத்து நிமிஷம், அவ்வளவுதான். ஏன் சாப்பிட்ட பிறகு என்றால், வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. சோறு இறங்கி சர்க்கரை ஏறுகிற நேரத்தில் தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்தால் அது அங்கேயே செலவாகிவிடும்.

அது பழகிய பிறகுதான் காலையில் தெப்பக்குளம். மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். இரண்டு சுற்று, அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிஷம், முடிந்தால் 300. பத்தாயிரம் அடி நடந்தே ஆகணும் என்று போனைப் பார்த்துப் பதற வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த கணக்கு.

வேகம்தான் பலர் கோட்டை விடுகிற இடம். வேடிக்கை பார்த்துக்கொண்டு அசைந்து போனால் காலுக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவே. பேச முடியணும், பாட முடியக் கூடாது. என்னோடு அந்தக் கண்டக்டரும் வருகிறார். நான் மெல்லப் பாட்டு முணுமுணுத்தால் வாயாலேயே இரண்டு விசில் அடிப்பார், "போலாம் ரைட்" என்று அர்த்தம். பதில் சொல்ல முடியாமல் எனக்கு மூச்சு வாங்கினால் ஒரு விசில், "அண்ணே, ஸ்லோ பண்ணுங்க" என்பார். இதைவிட நல்ல மீட்டர் கடையில் கிடைக்காது.

நடை மட்டும் போதாது. உடம்பில் சர்க்கரையைச் சேர்த்து வைக்கிற பெரிய கிட்டங்கியே தசைதான், வயதானால் அது கரைகிறது. வாரத்தில் இரண்டு நாள் கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்து தடவை, ஓய்வு, மறுபடி பத்து. முதல் நாள் எனக்கு நாலாவதிலேயே தொடை நடுங்கியது. பஸ் சக்கரத்தையே கழற்றி மாட்டியவனுக்கு இப்படியா என்று வெட்கமாகப் போய்விட்டது.

சுகர்காரர்கள் காலைக் கவனிக்காமல் நடக்கக் கூடாது. வெறுங்காலில் நடக்கவே வேண்டாம். எங்கள் டிப்போவில் ஒருவருக்கு ஷூவுக்குள் கிடந்த சின்னக் கல் தெரியவே இல்லை, உணர்ச்சி போன கால். புண்ணாகி விரலை எடுக்கும்படி ஆனது. ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போய் அளவு பார்த்து வாங்குங்கள். ராத்திரி படுக்கும்முன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். நான் பழைய சைடு மிரரைத்தான் வைத்திருக்கிறேன், பழக்கம் விடுமா?

இன்சுலினோ சர்க்கரையைச் சட்டெனக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, பசி பிடுங்கினால் அங்கேயே உட்கார்ந்து வாயில் போடுங்கள். நெஞ்சு இறுக்கினால் வீடு வரை போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், 108தான். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அப்புறம், நடந்து முடித்ததும் கூடுகிற வடைக் கூட்டம். அரை மணியில் எரித்ததை ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் திருப்பிக் கொடுத்துவிடும்.

சுகர் இன்னும் வராமல் எல்லையில் நிற்பவர்களுக்கு இது இன்னும் லாபம். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் அப்படிப்பட்ட ஐந்நூற்றுச் சொச்சம் பேரைச் சுமார் மூன்று வருஷம் கவனித்து 2006இல் வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சுகர் வந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சொல்லித்தந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு. அந்த வித்தியாசத்தில் இருக்கும் பதினாறு பேரை நினைத்துப் பாருங்கள், நம் தெருவிலேயே அத்தனை பேர் இருப்பார்கள்.

விட்டுப்போகிற நாள் வரத்தான் செய்யும். கல்யாணம், காய்ச்சல், மழை. நடையின் பலன் ஒன்றிரண்டு நாளில் மங்கிவிடும் என்பதால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். மூன்றாம் நாளும் மழையென்றால் வீட்டுக்குள்ளேயே வாசலுக்கும் அடுப்படிக்கும் இருபது நிமிஷம் நடக்கிறேன். வீட்டுக்காரம்மாள் ஒவ்வொரு சுற்றுக்கும், "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்கிறாள்.